சட்டையின் முதுகில் போடும் பெயர்

அன்பு மகன் தீபன்,

நீ சாப்பாட்டு மேசையில் விட்டுப்போன தாளை மூன்று நாளாக இடம் மாற்றிக்கொண்டிருக்கிறேன். முதலில் தொலைக்காட்சிக்கு மேல் வைத்தேன், பிறகு குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினேன், இப்போது எனக்கு முன்னால் கிடக்கிறது. ஊதா நிறச் சட்டை ஒன்றின் படம். முதுகுப் பக்கத்தில், தோள்களுக்குச் சற்றுக் கீழே, பெரிய வெள்ளை எழுத்தில் அருளானந்தம் என்று இருக்கிறது. பக்கத்தில் மஞ்சள் துண்டில் நீ ஆங்கிலத்தில் எழுதிய ஒரு வரி: பெயர் சரியா என்று பாருங்கள் அப்பா, வெள்ளிக்கிழமைக்குள் கடைக்குச் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நீ வடக்கே குடிபோகிறாய். இனி வட்டப் பலகையில் டார்ட்ஸ் அம்பு எறிவதுதான் உன் உத்தியோகம். ஊர் ஊராகப் போய் மேடையேறி எறியப் போகிறாய். அந்த விளையாட்டில் ஆள் பலகையைப் பார்த்து நிற்பதால் சனம் உன் முகத்தைவிட முதுகைத்தான் அதிக நேரம் பார்க்கப் போகிறது. ஆகையால் நீ கேட்டது நியாயமான கேள்வி.

பெயர் சரியில்லை, தீபன். எழுத்துப் பிழை எதுவும் இல்லை. அது நம்முடைய பெயரே இல்லை. அதைவிட மோசமான இன்னொன்றும் இருக்கிறது, அதையும் இந்தக் கடிதத்திலேயே சொல்லிவிடுகிறேன். வாயால் சொல்ல இரண்டு தடவை உன் அறை வாசல்வரை வந்தேன். இரண்டு தடவையும் உன் காதில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம், அதைச் சாட்டாக வைத்துத் திரும்பிவிட்டேன். எழுத்தில் என்றால் நடுவில் நிறுத்தி நீ என் முகத்தைப் பார்க்க முடியாது. உன்னைச் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போனதற்கு இன்றைக்காவது பலன் கிடைக்கட்டும். விளங்காத இடத்தை அம்மாவிடம் கேள், அவளுக்கு எல்லாம் தெரியும். போன கிழமைதான் முழுவதும் தெரிய வந்தது, அதன் பிறகு இரண்டு நாள் அவள் என்னோடு கதைக்கவில்லை.

நான் சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்குகிறவன். குரோய்டனில் அந்தப் பெரிய துணிக்கடையின் வாசலில் சீருடையோடு நிற்பதும், உள்ளே சின்ன அறையில் கமராப் படங்களைப் பார்த்துக்கொண்டிருப்பதுமாக எத்தனை வருடம் போய்விட்டது என்று உனக்குத் தெரியும். அந்த வேலையில் முதல் நாளே சொல்லித் தருவது, முகத்தைப் பார்க்காதே, கையைப் பார் என்பதுதான். முகம் சிரிக்கும், குழந்தையைக் கொஞ்சும், விலை கேட்கும். கை மட்டும் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். அந்தப் பாடத்தை ஷிப்ட் முடிந்ததும் சீருடையோடு கழற்றி வைக்க எனக்குத் தெரியவில்லை, வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டேன். உன் அறைக் கதவின் உட்பக்கத்தில் சின்னச் சின்ன ஓட்டைகளைக் கண்ட நாள் நினைவிருக்கிறதா? உனக்குப் பதினாறு வயது. நான் அவற்றை விரலால் தடவிப் பார்த்தேன், மூக்கை வைத்து மணந்து பார்த்தேன், உன் மெத்தையைத் தூக்கிப் பார்த்தேன். போதைப்பொருள், ஊசி என்று என் புத்தி எங்கெல்லாமோ ஓடியது. கடைசியில் அலுமாரிக்குப் பின்னால் ஒரு டார்ட்ஸ் பலகை இருந்தது. பலகையைத் தவறவிட்ட அம்புகள்தான் கதவில் ஏறியிருந்தன. ஒரு தகப்பன் அந்த இடத்தில் சிரித்திருக்க வேண்டும். நான் "இதை எங்க எடுத்தனி, ஆர் தந்தது, ஏன் ஒளிச்சு வைச்சனி?" என்று மூன்று கேள்வி கேட்டேன். "யூ ஆஸ்க் லைக் அ போலீஸ்மன், அப்பா," என்றாய். அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது, ஏனென்றால் அது உண்மை.

பிறகு சேகரன் வந்தார். கோலியர்ஸ் வுட் கிளப்பில் டார்ட்ஸ் அணிக்குத் தலைவர், மலேசியாவிலிருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர், இன்சூரன்ஸ் கம்பனியில் நல்ல வேலை, நாற்பது வயதைத் தாண்டியவர். எறிவதில் பெரிய ஆள் இல்லை என்று அவரே சொல்லிக்கொள்வார். அணியில் ஓர் ஆள் குறைந்தபோது உன்னைச் சேர்த்தார். ஒரு வருடத்தில் நீ அந்த அணியில் எல்லோரையும்விட நன்றாக எறிந்தாய், அவர் உன்னைக் காரில் ஏற்றிக்கொண்டு போட்டி போட்டியாகப் போகத் தொடங்கினார். எனக்கு அந்த மனிதரைப் பிடிக்கவில்லை. ஏன் ஒருவன் தன் பெற்றோலை எரித்து யாரோ ஒருவனின் மகனை ஏற்றி இறக்க வேண்டும்? அவருடைய கார் நம்பரை எழுதி என் பணப்பைக்குள் வைத்திருந்தேன். அவருக்குக் கலியாண வயதில் மகள் இருக்கிறாளா என்று டூட்டிங்கில் மரக்கறிக் கடைக்காரரிடம் விசாரித்தேன். இரண்டு மகன்கள், இருவரும் பள்ளிக்கூடம் போகிறார்கள் என்று தெரிந்ததும் எனக்கு ஏமாற்றமாகிவிட்டது, ஏனென்றால் காரணம் இல்லாமல் போய்விட்டது. காரணம் தெரியாத நல்ல குணம் எனக்கு எப்போதும் பயம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானப் போட்டிக்குச் சொல்லாமல் வந்தேன். நீ என்னைக் கண்டதும் முகம் கறுத்தது, ஆனால் நான் வந்தது உன்னைப் பார்க்க இல்லை, சேகரன் குடித்துவிட்டு உன்னை ஏற்றுகிறாரா என்று அவருடைய கிளாசைப் பார்க்க. நீ பலகையின் பக்கத்தில் ஆடாமல் அசையாமல் நின்று கரும்பலகையில் எண் எழுதிக்கொண்டிருந்தாய், வேறு யாரோ இருவர் எறிந்துகொண்டிருந்தார்கள். என் மகனை வேலைக்காரனாக வைத்திருக்கிறார்கள் என்று எனக்கு நெஞ்சு கொதித்தது. சேகரன் என்னிடம் வந்து, "தோத்தவங்கதான் அண்ணே அடுத்த ஆட்டத்துக்கு நின்னு எழுதணும். இங்க அதுதான் வழக்கம். நேத்து நான் நின்னேன், இன்னிக்கு ஒங்க பையன்," என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு, அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் அவருடைய கிளாசை எடுத்து மணந்து பார்த்தேன். அவர் திரும்பிவிட்டார். "சும்மா ஆரஞ்சு ஜூஸ் லா, அண்ணே. நான்தானே காரை ஓட்டணும். வேணும்னா குடிச்சுப் பாருங்க," என்று சிரித்தார். நான் குடித்தும் பார்த்தேன். வெறும் ஜூஸ்தான். அவர் இன்னொன்று வாங்கிக்கொண்டார், அந்தக் கதையை யாருக்கும் சொல்லவில்லை. உனக்கும் சொல்லவில்லை என்று நினைக்கிறேன்.

இப்போது பெயருக்கு வருகிறேன். குட்மேய்ஸில் நடந்த பூப்புனித நீராட்டு விழா உனக்கு நினைவிருக்கும், உனக்கு ஒன்பது வயது, ஐஸ்கிரீம் கொடுக்கத் தொடங்கிய நேரத்தில் உன் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தேன். ரயிலில் வீடுவரை அழுதாய். அப்பாவுக்கு ஆட்களைப் பிடிக்காது, அப்பா கஞ்சன், அப்பா மொய் கொடுக்கப் பயந்து ஓடுகிறார் என்று பிறகு பல தடவை சொல்லியிருக்கிறாய். உண்மையில் நடந்தது இது. பந்தியில் எனக்குப் பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர் என் பெயரைக் கேட்டார். சொன்னேன். எங்கள் ஆட்கள் அத்தோடு விடுவார்களா? "அருளானந்தமோ? எந்த ஊர் அருளானந்தம்? தகப்பன் ஆர்? எனக்கு ஒரு அருளானந்தத்தைத் தெரியும், பஸ்ஸில வேலை செய்தவன், அவன்ர ஆக்களோ?" என்றார். பாதிச் சோற்றோடு எழும்பினேன். அவர் தேடிய அந்த ஆள்தான் என் பாஸ்போட்டின் சொந்தக்காரனாக இருக்கலாம். நான் அவனை ஒருநாளும் கண்டதில்லை.

எண்பத்துமூன்றில், இலங்கையில் கலவரம் நடந்த வருடம் நான் இங்கே வந்தேன். ஏஜென்சிக்காரன் தந்த பாஸ்போட்டில் படம் என்னுடையது, பெயர் இன்னொருவருடையது. "என்ன நடந்தாலும் பேரை மட்டும் மாத்திச் சொல்லாத, பிடிபட்டால் அடுத்த பிளேனில ஏத்திப்போடுவாங்கள்," என்று அவன் சொன்னான். விமானநிலையத்தில் கேட்டபோது அந்தப் பெயரைச் சொன்னேன். பிறகு குரோய்டனில் குடிவரவு அலுவலகம் இருக்கும் அந்த உயரமான கட்டடத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண் நிதானமாகவே கேட்டாள்: இதுதான் உங்கள் உண்மையான பெயரா, மாற்ற வேண்டியது ஏதாவது இருந்தால் இப்போது சொல்லலாம். அவள் நல்ல மனத்தோடுதான் கேட்டாள் என்று இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு அது பொறி என்று நினைத்தேன். முதல் சொன்னதை மாற்றினால் மிச்சம் எல்லாவற்றையும் பொய் என்பாள் என்று பயந்து, ஓம், அதுதான் என் பெயர் என்றேன். என்னோடு வந்த பலர் அந்த இடத்தில் உண்மையைச் சொல்லித் தங்கள் பெயரைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள், ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. நான் மட்டும் சந்தேகப்பட்டேன். அம்மா வந்தபோது அவளும் அந்தப் பெயருக்கே பெண்சாதியாக வந்து இறங்கினாள். இந்த நாட்டுக் கணக்கில் நான் தாலி கட்டியவள் வேறொருவனின் மனைவி. நீ பிறந்தபோது அதையே உனக்கும் எழுதினேன். சொந்தக்காரர் எல்லோரும் என்னை வீட்டுப் பெயரால் ராசன் என்றே கூப்பிட்டதால் உனக்குச் சந்தேகம் வர இடமே இருக்கவில்லை. இந்த வீட்டில் சந்தேகம் முழுவதையும் நான் ஒருவனே வைத்திருந்தேன்.

இனித்தான் மோசமான பகுதி. மூன்று வருடத்துக்கு முன் அந்தத் தொலைக்காட்சிப் போட்டிக்கு சேகரன் உனக்காக விண்ணப்பம் எழுதி அனுப்பினார். நீ பதில் வரும் என்று ஒவ்வொரு நாளும் கதவடியைப் பார்த்துக்கொண்டிருந்தாய். பதில் வந்தது. கையெழுத்து வாங்கிக் கொடுக்கும் பதிவுத் தபாலில், நீ கல்லூரிக்குப் போயிருந்த ஒரு காலையில் வந்தது. எனக்கு அன்றைக்குப் பின்னேர ஷிப்ட், நான்தான் கதவைத் திறந்தேன், நான்தான் கையெழுத்துப் போட்டேன். உன் பெயருக்கு வந்த கடிதத்தை உடைத்ததும் நான்தான். உன்னைச் சேர்த்துக்கொண்டிருக்கிறோம், பத்து நாளைக்குள் சம்மதம் அனுப்புங்கள் என்று இருந்தது. அதோடு இன்னொரு படிவம். வர்ணனையாளர்கள் உங்களைப் பற்றிச் சொல்வதற்காக, உங்கள் குடும்பம் எங்கிருந்து வந்தது, எப்போது வந்தது, தகப்பன் பெயர், ஊர், தொழில், சுவையான குடும்பக் கதை ஏதும் உண்டா என்று கேட்டிருந்தார்கள். எனக்கு மறுபடியும் அந்தக் குடிவரவுக் கட்டடத்தில் வெள்ளைக்காரப் பெண்ணுக்கு முன்னால் கதிரையில் இருப்பதுபோல இருந்தது. நாடு முழுக்கப் பார்க்கும் பெட்டியில் அந்தப் பெயரைப் பெரிதாகப் போடுவார்கள், அந்தக் கட்டடத்தில் வேலை செய்யும் யாரோ பார்ப்பார்கள், அல்லது அந்த மனிதனே எங்கேயோ இருந்து பார்த்து, இவன் யார் என் பெயரில் என்று கேட்பான் என்று நினைத்தேன். கடிதத்தையும் படிவத்தையும் நான்காகக் கிழித்து, வேலைக்குப் போகும் வழியில் நான்கு வெவ்வேறு குப்பைத் தொட்டிகளில் போட்டேன். கடைசித் துண்டை டிராம் தரிப்பிடத்தில் போட்டுவிட்டு, கமரா எங்கே இருக்கிறது என்று பார்த்தேன். பழக்கதோஷம்.

பத்து நாள் போனதும் நீ அவர்களுக்கு டெலிபோன் எடுத்தாய். கடிதம் அனுப்பினோம், பதில் இல்லை, இடத்தை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டோம் என்றார்கள். நீ குசினியில் வந்து நின்ற கோலம் இன்னும் கண்ணில் நிற்கிறது. அந்த நிமிடம் நான் வாய் திறந்திருக்கலாம். திறந்தேன், ஆனால் வந்தது வேறு. "அந்தச் சேகரன் வீட்டு நம்பரை மாறி எழுதியிருப்பார். நான் அப்பவே சொன்னன், அந்தாளை நம்பாத எண்டு," என்றேன். நீ முதலில் நம்பவில்லை. "ஹீ வுடின்ட் டூ தட்," என்றாய். நான் விடவில்லை. அவருடைய அணியைவிட்டு நீ பெரிய இடத்துக்குப் போவது அவருக்குப் பிடிக்கவில்லையோ என்னவோ என்று மெல்ல ஒரு சொல் போட்டேன். தொழில்காரன் அல்லவா, எங்கே தட்டினால் திறக்கும் என்று தெரியும். மறுநாள் நீ அவருடைய வீட்டு வாசலில் நின்று சத்தம் போட்டுவிட்டு வந்தாய். அதன் பிறகு அந்தக் கார் நம் தெருவுக்கு வரவில்லை. நீ பதினெட்டு வயதில் நம்பிய ஒரு மனிதனை உன் கையாலேயே துரத்த வைத்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த மற்றப் பிழைகள் எல்லாம் பயத்தில் செய்தவை. இதை மட்டும் தெரிந்துகொண்டு செய்தேன்.

அந்த மாரிக் குளிரில் உன் கை நின்றுபோனது. சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும் சத்தம் எனக்கு மனப்பாடம்: மூன்று குத்து, பலகைவரை நடை, திரும்ப நடை, மூன்று குத்து. ஒருநாள் குத்துச் சத்தம் இல்லை. கதவைத் திறந்தால், நீ எறியும் கோட்டில் நின்று முழங்கையை உயர்த்தி அம்பைப் பிடித்தபடி அப்படியே நிற்கிறாய். "அப்பா, இட் வோன்ட் லீவ் மை ஹாண்ட்," என்றாய். கை முன்னுக்குப் போகிறது, விரல் விடமாட்டேன் என்கிறது. டார்ட்ஸ் ஆட்களுக்கு வரும் ஒரு வியாதி இது, சிலரின் தொழிலையே முடித்துவிடும் என்று பிறகு அறிந்தேன். ஏன் வந்தது என்று டொக்டருக்கே தெரியாது. எனக்குத் தெரியும் என்று எண்ணினேன், இப்போதும் எண்ணுகிறேன். யாரையும் நம்பாதே என்று நான் ஊட்டியதில் நீ கடைசியாக உன் விரலையே நம்பாமல் போய்விட்டாய்.

எட்டு மாதம். உன்னை அதிலிருந்து எடுத்தது அம்மா. அவளுக்கு இருபதும் தெரியாது, டபிளும் தெரியாது. ஒருநாள் சாமான் எழுதும் கொப்பியையும் பேனையையும் எடுத்துக்கொண்டு வந்து பலகைக்குப் பக்கத்தில், அதிலிருந்து ஒரு சாண் தள்ளி நின்றாள். "நீ எறி, நான் எழுதுறன்," என்றாள். "அம்மா, மூவ், யூ வில் கெட் ஹர்ட்," என்று நீ கத்தினாய். "என்ர பிள்ளை எறிஞ்சால் எனக்குப் படாது. எறி," என்றாள். நான் கதவடியில் நின்று, அவளைத் தள்ளி நிற்கச் சொல்ல வாயெடுத்து, ஏனோ சொல்லவில்லை. முதல் நாள் ஓர் அம்புகூடப் போகவில்லை. அவள் கொப்பியில் ஒன்றும் இல்லை என்று எழுதிவிட்டுச் சமைக்கப் போனாள். அடுத்த நாள் திரும்ப வந்து நின்றாள். எத்தனையாவது நாளில் முதல் அம்பு போனது என்று அவள் கொப்பியில் இருக்கும், வெங்காயத்துக்கும் பருப்புக்கும் நடுவில். அவள் ஒரு தடவைகூடக் கண்ணைச் சிமிட்டவில்லை, தீபன். நான் அந்த இடத்தில் நின்றிருந்தால் ஒவ்வொரு எறிக்கும் குனிந்திருப்பேன், நீயும் அதைக் கண்டிருப்பாய்.

போன வசந்தத்தில் தொழில்முறை ஆட்டக்காரர்களைத் தெரிவுசெய்யும் போட்டி நடந்தபோது, நீ எங்களை வரவேண்டாம் என்றாய். அம்மா வரவில்லை. நான் வேலைக்குச் சுகமில்லை என்று சொல்லிவிட்டு வந்து கடைசி வரிசையில் தொப்பியை இழுத்துவிட்டு இருந்தேன். மேடையில் எண் சொல்கிற ஆள் உன் பெயரைத் தன் வாய்க்கு வந்தபடி நீட்டி நெளித்துக் கூப்பிட்டார். சனம் கத்தியது. எல்லோரும் கை தட்டினார்கள், எனக்குத் தட்ட வரவில்லை. என் மகன் அங்கே நிற்கிறான், யாரோ ஒருவனின் பெயருக்குக் கை தட்டுகிறார்கள். எனக்கு வந்தது பொறாமை. அந்த முகம் தெரியாத மனிதன்மேல் பொறாமை. வெட்கமாக இருந்தாலும் அதை மறைக்கப் போவதில்லை. அப்போதுதான் எனக்கு இரண்டு கதிரை தள்ளி, இன்னொரு தொப்பிக்குக் கீழே ஒருவர் ஆரஞ்சு ஜூஸ் குடித்துக்கொண்டிருப்பதைக் கண்டேன்.

சேகரன் நீ ஆடிய ஒவ்வொரு போட்டிக்கும் அப்படி வந்திருக்கிறார். நீ காணக்கூடாது என்று கடைசி வரிசையில். இடைவேளையில் பக்கத்தில் வந்து இருந்தார். "நல்லா எறியறான்ல," என்றார். பிறகு அவர் மெதுவாக, "அந்த லெட்டர் ஒங்களுக்கு வந்துச்சுன்னு எனக்குத் தெரியும் அண்ணே," என்றார். நீ அவர் வாசலில் சத்தம் போட்ட பிறகு, தன் மேல் பிழை இல்லை என்று காட்டுவதற்காக அவர் போட்டிக்காரருக்கு எழுதிக் கேட்டிருக்கிறார். கடிதம் கையில் கொடுக்கப்பட்டதற்கான துண்டின் பிரதியை அனுப்பியிருக்கிறார்கள். அதில் என் கையெழுத்து. இரண்டு வருடத்துக்கு மேல் அது அவரிடம் இருந்திருக்கிறது. பார் என் புத்தியை, அந்த நேரத்திலும், இந்த ஆள் இதை வைத்து என்னை வெருட்டப் போகிறார் என்றுதான் நினைத்தேன். "உங்களுக்கு இப்ப என்ன வேணும்?" என்று கேட்டேன். "ஒண்ணும் வேணாம் அண்ணே," என்றார். "அப்ப ஏன் அவனிட்ட காட்டேல்லை?" என்றேன். அவர் கிளாசைக் கீழே வைத்தார். "எனக்கு ஒரு கூட்டாளி போனான், அவ்வளவுதான். இதைக் காட்டியிருந்தா அவனுக்கு அப்பா போயிருப்பாரு," என்றார். நான் அழுதேன், தீபன். டார்ட்ஸ் மண்டபத்தில், அத்தனை வெள்ளைக்காரருக்கு நடுவில். ஆட்டம் திரும்பத் தொடங்கி, மூன்று அம்பில் எடுக்கக்கூடிய ஆகக் கூடிய எண்ணான நூற்றியெண்பதை நீ அந்த நேரம் எறிந்தாயாம், நான் பார்க்கவில்லை. அடுத்த சனிக்கிழமை அவர் என் கடை வாசலுக்கு வந்து துண்டைக் கொடுத்துவிட்டு, ஒரு சோடி காலுறை வாங்கிக்கொண்டு போனார்.

அது வசந்தம். இப்போது இலையுதிர்காலம். இடையில் உனக்குச் சொல்லாமல் போனதற்கு ஒரு சாட்டும் என்னிடம் இல்லை. நீ சட்டைப் படத்தை வைத்திருக்காவிட்டால் இன்னும் சொல்லியிருக்க மாட்டேன்.

புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை, ஆனாலும் அப்பன் அல்லவா. எல்லோரையும் நம்பு என்று எழுதினால் நீயே சிரிப்பாய். ஸ்பொன்சர் என்று கை நீட்டுகிறவன் தரும் தாளைக் கடைசிப் பக்கம்வரை வாசி, சின்ன எழுத்தை இரண்டு தரம் வாசி. உனக்கு வெற்றி வந்த அன்றைக்குப் புதிதாக முளைக்கும் மச்சான்மாரைச் சந்தேகப்படு. மேடைக்கு முன் இலவசமாக ஊற்றித் தருகிறவனின் கிளாசைச் சந்தேகப்படு, மணந்து பார்த்தாலும் பிழையில்லை. ஆனால் நீ தோற்ற அன்றைக்கும் கடைசி வரிசையில் இருக்கிறவனைச் சந்தேகப்படாதே. அப்படிப்பட்ட ஆட்கள் ஒரு வாழ்க்கையில் இரண்டோ மூன்றோ பேர்தான் வருவார்கள், உனக்கு வந்ததில் ஒருவரை நான் துரத்திவிட்டேன். கோட்டில் நிற்கும்போது உன் விரலை விசாரணை செய்யாதே. அது திரும்ப நின்றால் வெட்கப்படாமல் அம்மாவைக் கூப்பிடு, கொப்பியோடு ரயில் ஏறுவாள்.

பெயர் விஷயத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். செவ்வாய்க்கிழமை சட்டத்தரணியைச் சந்திக்க நேரம் எடுத்திருக்கிறேன். அங்கே டெலிபோன் எடுத்த பிள்ளை உங்கள் பெயர் என்ன என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குத்தான் வருகிறேன் என்றேன். என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. அந்தச் சட்டத்தரணியையும் நான் முழுதாக நம்பவில்லை, அது வேறு கதை. சொன்ன பொய் என்னுடையது, பதிலும் நானே சொல்வேன். நீ அப்போது பிறந்திருக்கவே இல்லை.

சட்டையில் எதைப் போடுவது என்பதை நீ முடிவு செய். அருளானந்தம் என்றே விட்டாலும் எனக்குக் குறையில்லை. எனக்கு அது இரவல் பெயர், ஆனால் நீ அந்தப் பெயரில் தோற்றிருக்கிறாய், பலகைக்குப் பக்கத்தில் நின்று எண் எழுதியிருக்கிறாய், திரும்ப எழும்பி எறிந்திருக்கிறாய். மாற்ற விரும்பினால் மாற்று. வெறும் முதுகோடு போனாலும் போ. ஒன்றை மட்டும் கேட்கிறேன், கடைக்குப் போகுமுன் சேகரன் வீட்டுக்குப் போ. வாசலில் நின்று மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான், நான் கேட்டுவிட்டேன். நீ போய்ச் சும்மா பெல்லை அடித்தால் போதும். என்னோடு கதைக்க மனம் வராவிட்டால் ஞாயிற்றுக்கிழமை அவரே உன்னை ஏற்றிக்கொண்டு போகட்டும், நான் ஜன்னலில் நின்று பார்க்கிறேன். கார் நம்பரை எழுத மாட்டேன். அது எனக்கு மனப்பாடம்.

தபால் துண்டை இந்தக் கடிதத்தோடு ஊசி குத்தி வைத்திருக்கிறேன். அதில் இருப்பது அருளானந்தத்தின் கையெழுத்து, எப்படி நேராகவும் அழகாகவும் இருக்கிறது என்று பார். கீழே இருப்பது என்னுடையது. இருபத்துநான்கு வருடம் எழுதவில்லை. இதற்கு முன் வேறு தாளில் ஏழெட்டுத் தடவை எழுதிப் பார்த்தேன். இன்னும் கோணலாகத்தான் வருகிறது.

உன் அப்பா,
சிவபாதம்